லேடீஸ் கவுண்டர் சுரங்கம்

பூமிக்கு அடியில் நடக்கிற படங்களில் சுவரெல்லாம் தீப்பந்தம் எரியும். நூறு வருஷமாக ஆள் நடமாட்டமே இல்லாத சுரங்கம் என்று வசனம் பேசுவார்கள், பந்தம் மட்டும் ஜெகஜோதியாக எரிந்துகொண்டிருக்கும். அதற்கு யார் எண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கதாநாயகனும் கேட்டதில்லை, வில்லனும் சொன்னதில்லை. ஆம்பூரில் ஒரு தியேட்டரில் நாலு வருஷம் பெண்கள் பக்கத்து டிக்கெட் கொடுத்தவள் நான். இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

எழுபதுகளின் கடைசியில் இந்த மாதிரிப் படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. தெலுங்கிலிருந்து டப்பிங் ஆனது, இந்தியிலிருந்து டப்பிங் ஆனது, அதைப் பார்த்துவிட்டு நம் ஆட்களே எடுத்தது. கதை என்னவோ ஒன்றுதான். மலைமேல் ஒரு பங்களா. கல்யாணமாகிப் புதுசாக வந்த பெண். புத்தக அலமாரியில் கை பட்டால் அது நகரும், கீழே படி இறங்கும். இறங்கிப் போனால் வழி ரெண்டாகப் பிரியும், அப்புறம் நாலாகப் பிரியும், எந்தப் பக்கம் போனாலும் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பாள். நடுவில் ஒரு பிணம் கிடக்கும். எங்கிருந்தோ ஒரு சிரிப்புச் சத்தம் வரும். யார் கொலைகாரன் என்று கடைசி ரீல் வரைக்கும் தெரியாது.

நான் சொல்லப் போகிற படம் எங்கள் தியேட்டரில் மூன்று வாரம் ஓடியது. டிக்கெட் கொடுத்து முடித்த பிறகு தினம் ஒரு கால் மணி நேரம் பெண்கள் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். துண்டு துண்டாகப் பார்த்ததால் எனக்கு மட்டும் ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. அந்த மாபெரும் சுரங்கம் மொத்தமும் ஒரே ஒரு சந்துதான். பாறை மாதிரி பெயின்ட் அடித்த சுவரில் இடது பக்கம் ஒரு விரிசல் இருந்தது. எல்லா சீனிலும் அந்த விரிசல் வந்தது. ஒரே சந்தில் அந்தப் பெண்ணை இப்படியும் அப்படியும் ஓடவிட்டு எடுத்திருக்கிறார்கள். பாவம், அவளும் வெள்ளைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடியிருக்கிறாள். எனக்குப் பயம் வரவில்லை, அலுப்புதான் வந்தது.

ஆனால் ஊர்ப் பெண்களுக்கு இந்தப் படங்கள் என்றால் உயிர். வேலூர்க் கோட்டைக்குள்ளிருந்து ஒரு சுரங்கம் போகிறது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாரும். அது எங்கே போய் முடிகிறது என்பதில்தான் தகராறு. ஒருத்தி ஆற்காடு என்பாள், ஒருத்தி விரிஞ்சிபுரம் என்பாள். போய்ப் பார்த்தவர்கள் ஒருத்தரும் இல்லை. அதனால் படத்திலாவது பார்ப்போம் என்று வந்துவிடுவார்கள்.

வந்தவர்கள் முதலில் எங்கள் சுரங்கத்தைத் தாண்டியாக வேண்டும். எங்கள் ஊரில் முஸ்லிம் வீட்டுப் பெண்கள் தெருவில் நாலு பேர் பார்க்க வரிசையில் நிற்க மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் தியேட்டருக்குப் பாதி வசூல் இல்லை. அதனால் முதலாளி பெண்களுக்கென்று தனியாக ஒரு சந்து கட்டினார். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், தலைக்கு மேல் தகரம், மூன்று திருப்பம். வாசலில் இரும்புக் கேட். உள்ளே ஒருத்தர் பின்னால் ஒருத்தர்தான் நடக்க முடியும். மத்தியானத்திலும் இருட்டு, மொத்தச் சந்துக்கும் ஒரே ஒரு பல்பு. உள்ளே போய்விட்டால் தெருவிலிருந்து பெற்ற தாய்கூடக் கண்டுபிடிக்க முடியாது. சந்தின் கடைசியில் உள்ளிருந்து தாழ் போடுகிற ஒரு சின்னக் கதவு, அதை ஒட்டி என் அறை, அறைச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து. ஆட்கள் கூடிவிட்டால் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிடுவார். நான் டிக்கெட் கொடுக்கக் கொடுக்க, ஒவ்வொருத்தராகச் சின்னக் கதவு வழியாகக் கொட்டகைக்குள் போவார்கள். சுரங்கம் என்று பெயர் வைத்ததே பெண்கள்தான்.

எனக்குத் தெரிந்தது கைகள் மட்டும்தான். மணிக்கட்டு வரைக்கும் உள்ளே வரும், டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விடும். தோல் பதனிடுகிற இடத்தை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். ஷாப்பு வேலைக்குப் போகிறவளின் விரல் இடுக்கில் நீலம் ஏறியிருக்கும். டீச்சர் கையில் சிவப்பு மை. நர்ஸ் கையில் டெட்டால் வாசனை. பொந்துக்குள் வருகிற கைகளில் பத்துக்கு நாலு எங்கள் சபைப் பெண்களுடையது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைப் பிடிக்கிற கைகள்தானே, தெரியாமல் போகுமா? முஸ்லிம் பெண்களுக்காகக் கட்டின சந்தில் எங்கள் சபை அம்மாக்கள் முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு புதன்கிழமை மேட்னிக்குப் போதகரம்மாவின் கையே வந்தது. நான் மூச்சுவிடவில்லை.

மூச்சுவிடக் கூடாததற்குக் காரணம் இருந்தது. என் அம்மா சபையில் பைபிள் உமன். குடையும் பையுமாக வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ணுவது வேலை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு நாங்கள் ரெண்டு பேர்தான். அம்மாவின் சம்பளம் சபை கொடுப்பது, நாங்கள் இருந்த வீடும் சபையுடையது. சபை ஊழியர் வீட்டு ஆட்கள் சினிமா பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் சபைக் கோயிலில் மணி அடிக்கிறவரின் மகன் சினிமா போஸ்டர் ஒட்டப் போனான் என்று, ஒரே வாரத்தில் அவர்கள் வீட்டைக் காலிபண்ண வைத்தார்கள். சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றினதை நானே பார்த்தேன். எனக்கு வேறு எங்கேயும் வேலை கிடைக்கவில்லை. ஷாப்பு ஆபீசில் பில் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தியேட்டரில் சேர்ந்தேன். தியேட்டரின் பின்சுவர் ஒரு ஷாப்பை ஒட்டியே இருந்ததால் என் புடவையில் தினம் தோல் நாற்றம் அடித்தது. அம்மா சந்தேகமே படவில்லை. "பாவம், எம் பொண்ணு அந்த நாத்தத்துல குந்திகினு கெடக்குறா" என்று ஜெபத்தில் கண்ணீர் விடுவாள். கேட்டுக்கொண்டு நான் முட்டிபோட்டிருப்பேன்.

முகம் தெரியாது, சரி. குரல்? நான் பாடகர் குழுவில் இருந்தேன். பெரிய வெள்ளிக்கிழமை தனிப்பாட்டு என்னுடையதுதான். சபையில் என் குரலைத் தெரியாத காது கிடையாது. அதனால் பொந்துக்குப் பின்னால் நான் வாயே திறந்ததில்லை. எத்தனை டிக்கெட் என்று விரலைக் காட்டிக் கேட்பேன். சில்லறை இல்லை என்றால் கையை விரிப்பேன். "லேடீஸ் கவுண்டர்ல ஊமைப் பொண்ணை வெச்சுக்கீறாங்க, பாவம்" என்று ஊரில் பேச்சானது. எங்கள் அம்மாவே ஒரு நாள் அந்த ஊமைப் பெண்ணுக்காக ஜெபம் பண்ணினாள். சிரிக்கவா, அழவா?

மூன்றாவது வாரம், புதன்கிழமை மேட்னி. அன்றைக்கு எனக்குக் காலையிலிருந்தே தலைவலி. இன்னும் நாலு நாளில் படத்தைத் தூக்கிவிடுவார்கள் என்பதால் கூட்டம் ஜாஸ்தி. சுரங்கத்தில் நாற்பது பேர் சேர்ந்ததும் வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். சாவியும் அவரோடு போய்விட்டது. நான் நாலைந்து டிக்கெட்கூடக் கொடுத்திருக்க மாட்டேன், கரண்ட் போனது.

கரண்ட் போவது எங்களுக்குப் புதுசா என்ன? ஆனால் அன்றைக்கு ஏற்கெனவே படம் பார்த்துவிட்டு ரெண்டாம் தடவை வந்த ஒரு குறும்புக்காரி, இருட்டில் அந்தப் படத்துச் சிரிப்பை அப்படியே சிரித்தாள். விளையாட்டுக்குத்தான். அவ்வளவுதான், ஒருத்தி வீல் என்று கத்தினாள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் தள்ளினார்கள். முன்னால் இருந்தவர்கள் கேட் பக்கம் திரும்பி ஓடப் பார்த்தார்கள். ரெண்டாவது திருப்பத்தில் ரெண்டு கூட்டமும் முட்டிக்கொண்டது. தகரத்தில் யாரோ கையால் அடிக்கிற சத்தம். "ஐயோ, மூச்சு முட்டுது", "எம் புள்ள, எம் புள்ள கால மிதிக்கிறாங்க", "யா அல்லா", "இயேசுவே". இந்தப் பக்கம் பொந்தில் நாலு கைகள் ஒன்றாக நுழைந்து என்னைத் தேடின. வளையல் உடைந்து ஒரு கையில் ரத்தம் வழிந்தது.

எனக்கு வந்த முதல் யோசனை, வாயைத் திறக்காதே என்பதுதான். அதை மறைக்க மாட்டேன். ஆபரேட்டரைக் கூப்பிட எழுந்தேன். அதற்குள் அந்தக் குழந்தையின் அழுகை நின்றுவிட்டது. அழுதுகொண்டிருந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயமில்லை. சட்டென்று நின்றதும் பொந்துப் பக்கம் பாய்ந்தேன்.

"யாரும் தள்ளாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று கத்தினேன். கோயிலின் கடைசி பெஞ்சு வரைக்கும் போகிற குரல் அது. ஒரு விநாடி எல்லாச் சத்தமும் அடங்கியது.

"வலது கையைச் செவுத்துல வைங்க. எல்லாரும் கவுண்டர் பக்கமே வாங்க, கேட்டு பக்கம் போவாதீங்க. கேட்டு பூட்டிக்கீது. கையை எடுக்காம செவுரு போற வழியிலயே வாங்க. நான் கதவத் தெறந்துட்டேன். கொழந்தை வெச்சிருக்கிறவங்களை முன்னாடி விடுங்க."

சின்னக் கதவைத் திறந்து வைத்து, இருட்டில் நின்றபடி, வந்த ஒவ்வொரு கையையும் பிடித்து உள்ளே இழுத்து விட்டேன். மூன்று திருப்பமும் எனக்கு மனப்பாடம். "இப்ப திரும்பணும், இன்னும் ரெண்டு அடி, இப்ப திரும்பணும்" என்று தொண்டை வறள வறளச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீலம் ஏறின கை வந்தது. டீச்சர் கை வந்தது. மோதிரம் போட்ட போதகரம்மாவின் கை வந்தது, என் கையை இறுக்கிப் பிடித்து, விட்டது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி வந்தாள், கொட்டகைக் காற்று பட்டதும் அந்தக் குழந்தை இருமிவிட்டு ஓவென்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன். கடைசி ஆள் வந்ததும் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. பொந்தைப் பலகையால் மூடிவிட்டு, கீழே உட்கார்ந்து கால்களை நீட்டிக்கொண்டேன். படம் ஆரம்பித்து, அந்தப் பெண் அந்த ஒரே சந்தில் ஓட ஆரம்பித்திருந்தாள்.

என் முகத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. குரலை எல்லாரும் கேட்டார்கள்.

வியாழனும் வெள்ளியும் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். தெருவில் யாராவது அம்மாவை நிறுத்திப் பேசினால் சன்னலுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பேன். மாட்டுவண்டி கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். வெள்ளிக்கிழமை சபையின் மாதர் கூட்டத்துக்குப் போனேன். டீச்சரம்மா கையில் கட்டுப் போட்டிருந்தார். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றார். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். போதகரம்மா எனக்குக் காப்பி கொடுத்தார், கண்ணைப் பார்க்கவில்லை. அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. அடடா, இவர்கள் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்றால் தாங்கள் அங்கே இருந்ததைச் சொல்லியாக வேண்டுமே! ஒருத்தியும் சொல்ல மாட்டாள். அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒரே ஒருத்தியை மறந்துவிட்டேன்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாளே, அவள் ஷாப்பில் தோல் காயப்போடுகிற வேலைக்குப் போகிறவள். ஞானஸ்நானம் எடுத்து ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. எங்கள் சபையில் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. அந்த வாரம் ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்வார்கள். காய்ச்சல் விட்டது, பரீட்சையில் பாஸானது, அந்த மாதிரி. ஆண்டவர் செய்த நன்மையை மறைக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது என் அம்மாதான். எந்த இடத்தில் செய்த நன்மையைச் சொல்லக் கூடாது என்று ஒருத்தரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையோடு எழுந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்தோத்திரம். புதங்கிழமை எம் புள்ள மூச்சு நின்னு போவ இருந்துது. இருட்டுல மாட்டிக்கினோம். நம்ம பைபிள் அம்மா மவ தான் சத்தம் போட்டு வழி காட்டி எங்க எல்லாரையும் வெளிய இட்டாந்துச்சு. அந்தத் தங்கச்சி வாய் வழியா கர்த்தரே பேசினாரு. ஸ்தோத்திரம்."

அம்மா சந்தோஷத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தாள். போதகர் கேட்டார், "எந்த இடத்துலம்மா?"

"சினிமா கொட்டாயில, ஐயா."

அம்மாவின் முகம் மாறினதைப் பார்த்தேன். மெதுவாக எழுந்து நின்றாள். "ஐயா, என் மக ஷாப்பு ஆபீஸ்ல வேலை பாக்குறா. சினிமா வாசலை அவ மிதிச்சதில்லை. எனக்குத் தெரியும்."

போதகர் என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா."

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் நாலு வரிசையில், சுரங்கத்திலிருந்து நான் கைபிடித்து இழுத்த பெண்கள் பதினைந்து பேராவது உட்கார்ந்திருந்தார்கள். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அம்மா மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நம்பிக்கையோடு.

"நான் இல்லைங்க ஐயா" என்றேன்.

புதன்கிழமை கேட்ட அதே குரல். பதினைந்து பேருக்கும் தெரிந்திருக்கும். போதகரம்மா பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

"வேற யாரு இருந்தாங்க அங்க?" என்று போதகர் அவளைக் கேட்டார். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் முகத்திலிருந்து போகவில்லை, யாராவது எழுந்து சொல்லிவிடுவார்கள் என்று காத்திருந்தாள். "நம்ம அம்மாங்க குரலும் கேட்டுது ஐயா. இருட்டு. முகம் தெரியல." யாரும் எழவில்லை. குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சினிமாவுக்குப் போனது ஒரு குற்றம், ஊழியர் மகள்மேல் பொய் சாட்சி சொன்னது இன்னொரு குற்றம். ஆறு மாதம் அவளை அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்தில் சேர்ப்பதில்லை என்று கமிட்டி முடிவு பண்ணி, அடுத்த ஞாயிறு எல்லார் முன்னாலும் வாசித்தார்கள். திருவிருந்து நாட்களில் எல்லாரும் முன்னால் போய் முட்டிபோடுவோம். அவள் கடைசி பெஞ்சில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வராமல் நின்றுவிடுவாள் என்று நினைத்தோம், சொல்லப்போனால் வேண்டிக்கொண்டோம். ஒரு வாரம்கூட அவள் வராமல் இருக்கவில்லை.

அந்த வேலையை அன்றைக்கே விட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. விடவில்லை. இன்னும் ரெண்டு வருஷம் அதே பொந்துக்குப் பின்னால் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அம்மா அதே வீட்டில் இருந்து, அதே குடையோடு வேலை பார்த்து, மரியாதையாக ஓய்வு பெற்றாள். நான் எதற்காகப் பொய் சொன்னேனோ அது நடந்தது. சபைப் பெண்களும் ரெண்டு மாதம் அடங்கியிருந்துவிட்டு, அடுத்த சுரங்கப் படம் வந்ததும் முக்காட்டோடு வந்தார்கள். அவர்கள் கைகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். அப்புறம் என் கையையும் பார்ப்பேன். யாரைச் சொல்வது?

அந்த ஆறு மாதத்தில் அவளுக்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி இருந்தபோது, ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தாள். வாசல்படிக்குக் கீழேயே நின்றாள். உள்ளே வாங்க என்று நான் கூப்பிடவில்லை. திட்டப்போகிறாள், திட்டட்டும், கேட்டுக்கொண்டால் கொஞ்சம் பாரமாவது குறையும் என்று நினைத்தேன்.

"தங்கச்சி, உங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். "நீயே சபையில நின்னு இல்லன்னு சொன்னப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது. இருட்டுல எனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு. யாரோ ஒரு பொண்ணு கத்தினதை உங்குரல்னு நெனச்சிட்டேன். கல்யாணம் ஆவற பொண்ணு பேரைக் கெடுக்கப் பாத்தேனே. கோவம் வெச்சுக்காத."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "கோவம் இல்லக்கா."

"அந்தப் பொண்ணு யாருன்னு விசாரிச்சிகினேதான் இருக்கேன். கொட்டாயில கேட்டா, அங்க இருக்குறது ஊமைப் பொண்ணு, அது எங்க கத்தும்ங்கறாங்க. எம் புள்ள உசுரக் காப்பாத்தினவ. ஒரு தபா கையப் புடிச்சி நன்றி சொல்லிட்டேன்னா போதும். நீ நாலு எடம் போறவ. ஆரு என்னன்னு தெரிஞ்சா எனக்குச் சொல்றியா?"

"சரிக்கா, சொல்றேன்" என்றேன்.